70,000 ரூபாய்க்குள் கேமிங் லேப்டாப்: 3050-ஆ, 4050-ஆ, இல்லை ஐ7-ஐ நம்பலாமா?

மொட்டைமாடி_7 (கேள்வி)

வணக்கம். இன்ஜினியரிங் முதலாண்டு, ஹாஸ்டல். பட்ஜெட் 70,000, ரொம்ப அவசியம்னா 75,000 வரை இழுக்கலாம். பகல்ல பைத்தான், ஆட்டோகேட், நோட்ஸ், யூடியூப். ராத்திரி வாலரண்ட், ஜிடிஏ 5, முடிஞ்சா சைபர்பங்க் 2077. வடிகட்டி மூணுல நிக்குது:

அ) ரைசன் 7 7435எச்எஸ், ஆர்டிஎக்ஸ் 3050 (4 ஜிபி), 16 ஜிபி ராம் (8+8), 512 ஜிபி எஸ்எஸ்டி. 61,000.
ஆ) கோர் ஐ5-13420எச், ஆர்டிஎக்ஸ் 4050 (6 ஜிபி), 8 ஜிபி ராம் ஒரே ஸ்டிக், 512 ஜிபி எஸ்எஸ்டி. 69,500.
இ) கோர் ஐ7-13620எச், ஆர்டிஎக்ஸ் 2050 (4 ஜிபி), 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. 64,000.

மூணுமே 15.6 இன்ச், 144 ஹெர்ட்ஸ். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடையில "ஐ7 எடுங்க, நாலு வருஷத்துக்குக் கவலையே இல்ல"னு அடிச்சுச் சொல்றாங்க. எதை எடுக்கலாம்? 4050-க்கு எட்டாயிரத்து ஐநூறு கூடக் கொடுக்கிறது தகுமா?

வெப்பமானி

முதலில் "இ"-யை அடித்துவிடுங்கள். கேம் ஓடும் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுதான். ஐ7 என்ற ஸ்டிக்கருக்குக் கொடுக்கும் காசு கேமில் திரும்பி வராது. 2050 பெயரைப் பார்த்தால் 3050-க்கு ஒரு படிதான் கீழே என்று தோன்றும். உள்ளே இருப்பது 64 பிட் மெமரி பாதை, நொடிக்கு 112 ஜிபி. 4 ஜிபி 3050-இல் பாதை 128 பிட், நொடிக்கு 192 ஜிபி. கோர் எண்ணிக்கை இரண்டிலும் 2048 என்பதால் கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்பார். ஒன்றில்லை. அகலமான குழாயும் ஒடுக்கமான குழாயும் ஒரே தொட்டியில் இருந்து வந்தாலும் வாளி நிறையும் நேரம் வேறு.

அடுத்து, யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்: "4050" என்பது ஒரே கார்டு அல்ல. லேப்டாப் தயாரிப்பாளர் அதற்கு 35 வாட்டில் இருந்து 115 வாட் வரை எவ்வளவு வேண்டுமானாலும் மின்சாரம் ஒதுக்கலாம். மெல்லிசான பாடியில் 45 வாட் கொடுத்து விற்பதும் 4050-தான், தடித்த பாடியில் 95 வாட் கொடுப்பதும் 4050-தான். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) வித்தியாசம் வரும். 90, 100 வாட்டுக்கு மேல் போனால் லாபம் சொற்பம். பெட்டியில் இந்த எண் பெரும்பாலும் இருக்காது. கம்பெனி இணையதளத்தில் அந்த மாடலின் முழு விவரப் பக்கத்தில் டிஜிபி (கார்டுக்கு ஒதுக்கிய மொத்த வாட்) என்று போட்டிருப்பார்கள். அங்கேயும் இல்லை என்றால் சந்தேகப்படலாம்.

கடையில் டெமோ பீஸ் ஓடிக்கொண்டிருந்தால் ஒரு நிமிட வேலைதான். என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, ஹெல்ப் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் போங்கள். "மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர்" என்ற வரியில் உண்மை இருக்கும்.

"ஆ" 75 வாட்டுக்குக் குறையாமல் இருந்தால் அதையே எடுங்கள். காரணம் 6 ஜிபி. சைபர்பங்க் மாதிரி கேமில் 4 ஜிபி கார்டு வேகம் பத்தாமல் திணறுவதில்லை, இடம் பத்தாமல் திணறுகிறது. டெக்ஸ்சரை "ஹை"யில் வைத்தால் 4 ஜிபி நிரம்பி, மீதி சாதாரண ராமுக்கு வழியும். அங்கிருந்து ஒவ்வொரு முறையும் இழுத்து வர நேரமாகும். சராசரி எஃப்பிஎஸ் 50 என்று காட்டும், ஆனால் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் படம் ஒரு குலுக்குக் குலுக்கி நிற்கும். டெக்ஸ்சரை "மீடியம்" ஆக்கினால் சரியாகிவிடும், ஆனால் அது ஒவ்வொரு புது கேமுக்கும் செய்யவேண்டிய சமரசம். தவிர, 4050-இல் டிஎல்எஸ்எஸ் ஃபிரேம் ஜெனரேஷன் (நடுநடுவே கூடுதல் ஃபிரேமை ஏஐ வரைந்து சேர்ப்பது) உண்டு. 3050-இல் சாதாரண டிஎல்எஸ்எஸ் (சிறிய படத்தை ஏஐ பெரிதாக்குவது) மட்டும்தான்.

ஆனால் 8 ஜிபி ராமோடு அப்படியே ஓட்டுவதாக இருந்தால் வாங்கவே வேண்டாம். விண்டோஸ் 11-உம் பிரவுசரும் சேர்ந்தே ஐந்து ஜிபியைத் தின்றுவிடும்.

ராக்கோழி

வெப்பமானி சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு. "அ"-ல இருக்கிற 7435எச்எஸ்-க்கு உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. சிப்புல அந்தப் பகுதியை மூடிட்டுத்தான் விக்கிறாங்க, விலை குறைவா வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம். விளைவு என்னன்னா, நோட்ஸ் எழுதினாலும் பிடிஎஃப் படிச்சாலும் ஸ்கிரீன்ல படம் காட்ட 3050 முழிச்சுக்கிட்டே இருக்கணும். சும்மா இருக்கும்போதே மொத்தமா 20 வாட் சுமார் இழுக்கும். பேட்டரி 50 வாட்-ஹவர்னு வச்சுக்குங்க, ரெண்டரை மணி நேரத்துல கதை முடிஞ்சுது. 13420எச்-ல இன்டெல் கிராபிக்ஸ் இருக்கு, சின்ன வேலைக்கு என்விடியா கார்டு தூங்கிடும். 10, 12 வாட்ல ஓட்டலாம், நாலு மணி நேரம் தாராளம். கிளாஸுக்கு எடுத்துட்டுப் போற ஆளுக்கு இது பெரிய விஷயம்.

நியாயமா அதோட நல்லதையும் சொல்லணும். "அ"-ல படம் நேரா கார்டுல இருந்து ஸ்கிரீனுக்குப் போகும். "ஆ" மாதிரி மெஷின்ல மக்ஸ் ஸ்விட்ச் (கார்டை நேரா ஸ்கிரீனோட இணைக்கிற வசதி) இல்லன்னா, 4050 வரைஞ்ச ஒவ்வொரு ஃபிரேமும் இன்டெல் கிராபிக்ஸ் வழியா சுத்திட்டுப் போகும். வாலரண்ட் மாதிரி 150, 200 எஃப்பிஎஸ் அடிக்கிற கேம்ல அந்தச் சுத்து தெரியும். மக்ஸ் ஸ்விட்ச் இருக்கான்னு கேட்டு வாங்குங்க. இல்லாட்டியும் தலை போகாது, பல மாடல்ல எச்டிஎம்ஐ போர்ட் நேரா என்விடியா கார்டோட இணைஞ்சிருக்கும், வெளி மானிட்டர் போட்டா அந்தச் சுத்து இல்ல.

இன்னொண்ணு, ஸ்கிரீன். 144 ஹெர்ட்ஸ்ங்கிற எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. விவரப் பக்கத்துல "45 சதவீதம் என்டிஎஸ்சி, 250 நிட்ஸ்"னு இருந்தா (முதல்ல கலர் வீச்சு, அடுத்தது வெளிச்சம்) அது இந்த விலையில வர்ற மட்டமான பேனல். சிவப்பு, செங்கல் கலர்ல தெரியும். ஜன்னல் பக்கத்துல உக்காந்தா உங்க முகம்தான் தெரியும். 144 ஹெர்ட்ஸ்னா ஒரு ஃபிரேமுக்கு 7 மில்லிசெகண்ட் கூட இல்ல. மலிவு பேனல்ல ஒரு பிக்சல் கலர் மாறவே 20, 25 மில்லிசெகண்ட் ஆகும், அதனால வேகமா திரும்பினா இழுவல் விழும். 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி (இதுவும் கலர் வீச்சுதான்), 300 நிட்ஸ்னு போட்டிருந்தா ரெண்டாயிரம் கூடக் கொடுக்கலாம். ராமை நாளைக்கு மாத்தலாம், ஸ்கிரீனை யாரும் மாத்தறதில்ல.

சில்லறைக்கணக்கு

எல்லாரும் 4050 4050 என்று தள்ளுகிறீர்கள். கேட்டவர் விளையாடப்போவது வாலரண்ட்டும் ஜிடிஏ 5-உம். பழைய ஜிடிஏ 5, 2015-இல் பிசிக்கு வந்த கேம், 3050-இல் 1080பி "ஹை"யில் வழுக்கிக்கொண்டு ஓடும். வாலரண்ட்டுக்கு கார்டைவிட பிராசசர்தான் முக்கியம், எட்டு பெரிய கோர் இருக்கும் 7435எச்எஸ் அதில் சளைக்காது. 13420எச்-இலும் எட்டு கோர் என்று போட்டிருப்பார்கள். அதில் நாலுதான் பெரிய கோர், மீதி நாலும் குட்டி கோர். ஆக "முடிஞ்சா சைபர்பங்க்" என்ற அந்த ஒரு சொல்லுக்காக எட்டாயிரத்து ஐநூறும், அதன்மேல் ராம் செலவும். 2025 கடைசியில் இருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிறது. "8 ஜிபி வாங்கிட்டு அப்புறமா போட்டுக்கலாம்" என்ற பழைய கணக்கு இப்போது உதைக்கும். "அ"-வில் 8+8 ஏற்கனவே உள்ளே இருக்கிறது. இரண்டு மெஷினின் விலையை ஒப்பிடும்போது "ஆ"-வின் விலையோடு ஒரு 8 ஜிபி ஸ்டிக்கின் இன்றைய விலையைக் கூட்டி ஒப்பிடுங்கள்.

பழசு எடுக்கத் தயார் என்றால் வேறு வழியும் உண்டு. 6 ஜிபி 3060 போட்ட பழைய கேமிங் லேப்டாப் பாருங்கள். அதன் மெமரி பாதை 192 பிட், நொடிக்கு 336 ஜிபி. நல்ல வாட்டில் இருக்கும் 3060, வாட் குறைந்த 4050-ஐ இன்றைக்கும் முந்தும். ஆனால் மூன்று சோதனை: பேட்டரி ரிப்போர்ட் எடுத்து இப்போதைய கொள்ளளவு புதுசில் இருந்ததில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள், 70-க்குக் கீழே என்றால் பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள். மூடியை ஒரு மூலையைப் பிடித்துத் திறங்கள், கீல் பக்கம் பிளாஸ்டிக் "கிறீச்" என்றால் உள்ளே ஸ்க்ரூ பிடிக்கும் தூண் உடைந்திருக்கலாம். பயாஸுக்குள் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புப் பக்கம்) போய்ப் பாருங்கள், பாஸ்வேர்டு கேட்டால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மொட்டைமாடி_7

எல்லாருக்கும் நன்றி. வாரன்ட்டி வேணும்னு வீட்டுல சொல்றாங்க, அதனால பழசு வேண்டாம். பேட்டரி காரணத்தால "ஆ" பக்கம்தான் சாயறேன். ரெண்டு சந்தேகம். விவரப் பக்கத்துல டிஜிபி போடல, டெமோ பீஸும் இல்ல. எப்படிக் கண்டுபிடிக்கிறது? அப்புறம் கடைக்காரர், "டிடிஆர்5-ல ஒரு ஸ்டிக்குலயே ரெண்டு சேனல் இருக்கு, இன்னொண்ணு போட வேண்டியதே இல்ல"ங்கிறார். உண்மையா?

வெப்பமானி

சார்ஜரின் லேபிளைப் படியுங்கள், அது பொய் சொல்லாது. "அவுட்புட்" வரியில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 20 வோல்ட், 6.75 ஆம்பியர் என்றால் 135 வாட். இதில் கேம் ஓடும்போது பிராசசருக்கு 45, ஸ்கிரீன், ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து ஒரு 15 கழித்தால் மீதி 75. அதற்கு மேல் 4050-க்குக் கொடுக்க சார்ஜரிடமே சரக்கில்லை. 8.5 ஆம்பியர் என்றால் 170 வாட், அங்கே 95, 100 வரை எதிர்பார்க்கலாம். கேமிங் லேப்டாப் என்று சொல்லி 120 வாட்டோ அதற்குக் கீழோ சார்ஜர் கொடுத்தால் கார்டு 45, 50 வாட் ரகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தலைகீழாகப் பார்த்தால் மட்டும் ஏமாறலாம்: பெரிய சார்ஜர் இருப்பதாலேயே கார்டு பெரிய வாட் என்று ஆகிவிடாது. தயாரிப்பாளர் பல மாடலுக்கும் ஒரே சார்ஜரைப் பெட்டியில் போடுவது உண்டு.

டிடிஆர்5 விஷயத்தில் கடைக்காரர் பாதி உண்மை சொல்கிறார். ஒரு டிடிஆர்5 ஸ்டிக்கை இரண்டு 32 பிட் துணைச் சேனலாகப் பிரித்திருப்பது சரி. கூட்டினால் 64 பிட்தானே? பிராசசர் எதிர்பார்ப்பது 128. இரண்டு ஸ்டிக் போட்டால்தான் அது கிடைக்கும். ஜிடிஏ மாதிரி திறந்த ஊரில் ஓடும் கேமில் சராசரி எஃப்பிஎஸ்ஸைவிட, நடுநடுவே விழும் பள்ளங்கள் குறைவதில்தான் வித்தியாசத்தை உணர்வீர்கள்.

வாங்கும் முன் இன்னொன்று கேளுங்கள்: மதர்போர்டில் ராம் ஸ்லாட் எத்தனை? சில மாடலில் 8 ஜிபியை போர்டிலேயே பற்றவைத்துவிட்டு ஒரு ஸ்லாட் மட்டும் விடுவார்கள். எஸ்எஸ்டிக்கு இரண்டாவது எம்.2 ஸ்லாட் இருக்கிறதா என்பதும் அதே மாதிரி. ஜிடிஏ ஒன்றே 100 ஜிபிக்கு மேல் கேட்கும், 512 எத்தனை நாளைக்கு வரும்?

ராக்கோழி

பில் போடும்போது: ஜிஎஸ்டி பில்லுல சீரியல் நம்பர் இருக்கணும், அதே நம்பரை கம்பெனி சைட்டுல போட்டு இந்திய வாரன்ட்டி காட்டுதான்னு கடையிலயே பாருங்க. வெளிநாட்டுல இருந்து வந்த சரக்குன்னா அங்கேயே மாட்டிக்கும். ஆன்லைன் விலையோட ஒப்பிடும்போது எக்சேஞ்ச் சேர்த்துக் காட்டற விலையையும் கார்டு ஆஃபரையும் கணக்குல எடுக்காமப் பாருங்க.

முதல் நாளே பேட்டரி சார்ஜை 80 சதவீதத்துல நிறுத்தற ஆப்ஷனை ஆன் பண்ணிடுங்க, ஹாஸ்டல்ல பாதி நேரம் பிளக்குலயேதான் இருக்கும். டைப்-சி சார்ஜர் 65 வாட் கிளாஸுக்கு எடுத்துட்டுப் போக நல்லது, மெஷின் அதை ஏத்துக்குமான்னு பாருங்க. அதுல கேம் ஆடாதீங்க, பத்தாததை பேட்டரியில இருந்து உறிஞ்சும்.

வாலரண்ட் ஆடணும்னா விண்டோஸ் 11-ல டிபிஎம் 2.0-உம் செக்யூர் பூட்டும் (ரெண்டும் பயாஸ்ல இருக்கிற பாதுகாப்பு வசதி) ஆன்ல இருக்கணும். பைத்தான் படிக்கிற பசங்க லினக்ஸ் போடறேன்னு செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணுவாங்க, அடுத்த தடவை வாலரண்ட் திறந்தா விஏஎன் 9003 எர்ரர். உபுண்டு செக்யூர் பூட் ஆன்ல இருக்கும்போதே ஏறும். என்விடியா டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும், ரீஸ்டார்ட் ஆனதும் நீலக் கலர்ல ஒரு பக்கம் வரும். அங்க "என்ரோல்" பண்ணாம அவசரத்துல தாண்டிப் போயிட்டா டிரைவர் வேலை செய்யாது.

மொட்டைமாடி_7

"ஆ" வாங்கியாச்சு. சார்ஜர் 20 வோல்ட், 6.75 ஆம்பியர். கன்ட்ரோல் பேனல்ல 75 வாட்னு காட்டுது. ரெண்டு ராம் ஸ்லாட் இருக்கு, ஒண்ணு காலி. 8 ஜிபி 5600 ஸ்டிக் ஒண்ணு வாங்கினேன், ஸ்டிக் நானே போட்டா வாரன்ட்டி போகாதுன்னு கஸ்டமர் கேர்ல சொன்னாங்க. எப்படிப் போடறது?

வெப்பமானி

ஷட் டவுன் செய்யும்போது ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு செய்யுங்கள், அப்போதுதான் முழுசாக அணையும். சார்ஜரைக் கழற்றுங்கள். அடி மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, எந்த இடத்தில் இருந்ததோ அதே வரிசையில் ஒரு காகிதத்தில் வையுங்கள். நீளம் வேறு வேறாக இருக்கும், நீளமானதைக் குட்டையின் இடத்தில் முறுக்கினால் மேலே கீபோர்டு பக்கம் புடைக்கும். சிலவற்றில் ஒரு ஸ்க்ரூ முழுசாக வெளியே வராது, மூடியோடே தொங்கும், அது அப்படித்தான். பழைய ஏடிஎம் கார்டை விளிம்பில் விட்டு நகர்த்தினால் கிளிப் ஒவ்வொன்றாக விடும். கத்தி, ஸ்க்ரூடிரைவர் வேண்டாம்.

திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. ஒயரைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக் தலையைப் பிடித்து நகர்த்துங்கள். பிறகு ராம் ஸ்லாட். சிலவற்றில் மேலே தகர மூடி இருக்கும், மெதுவாக நெம்பினால் வரும். ஸ்டிக்கின் வெட்டு ஸ்லாட்டின் பல்லோடு பொருந்தும்படி, சாய்வாக, முப்பது டிகிரி அளவில் உள்ளே தள்ளுங்கள். தங்க நிற முனை கிட்டத்தட்ட முழுக்க மறையவேண்டும். அதன் பிறகுதான் கீழே அழுத்துவது. இரண்டு பக்கமும் கொக்கி "டக்" என்று விழும். ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். பேட்டரி கனெக்டரை மாட்டி மூடுங்கள். முதல் முறை ஆன் செய்யும்போது சார்ஜர் மாட்டியிருக்கட்டும்.

மொட்டைமாடி_7

போட்டாச்சு. ஆன் பண்ணினா பவர் லைட் எரியுது, ஃபேன் சுத்துது, ஸ்கிரீன் கறுப்பாவே இருக்கு. ஒரு நிமிஷம் பார்த்துட்டு பவர் பட்டனை அழுத்தி ஆஃப் பண்ணிட்டேன். மறுபடியும் அதேதான். ஸ்டிக் போச்சா?

வெப்பமானி

ஆஃப் செய்யாதீர்கள்! டிடிஆர்5-இல் புது ஸ்டிக்கைப் பார்த்ததும் போர்டு அதற்கான நேரக்கணக்கை முதலில் இருந்து பழகும். அது முடியும்வரை ஸ்கிரீன் வராது. நீங்கள் நடுவில் அணைத்ததால் மறுபடி முதலில் இருந்து தொடங்கியிருக்கும். ஆன் செய்துவிட்டுப் பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டிருங்கள், அதுவாகவே ஓரிரு முறை அணைந்து எரிந்தாலும் தொடவேண்டாம். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் புதுசைக் கழற்றிப் பழசை மட்டும் வைத்துப் பாருங்கள். பழசில் வந்தால் புதுசை அதே ஸ்லாட்டில் தனியாகப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டுத்தான்.

மொட்டைமாடி_7

நாலு நிமிஷத்துல வந்துடுச்சு! டாஸ்க் மேனேஜர்ல 16 ஜிபி, ஸ்லாட் 2/2-னு காட்டுது. ஆனா ஸ்பீடு 5200-னு இருக்கு. 5600-னு சொல்லித்தானே காசு வாங்கினாங்க?

சில்லறைக்கணக்கு

கடைக்காரர்மேல் தப்பில்லை. 13420எச் ஏற்றுக்கொள்ளும் உச்சம் 5200. 5600 ஸ்டிக்கும் அதற்கு இறங்கித்தான் ஓடும்.

ராக்கோழி

அடுத்தது சூடு. மெஷினோட பின்பக்கத்தை ரெண்டு இன்ச் தூக்கி வச்சு ஆடுங்க, மெத்தை மேல வைக்கவே வைக்காதீங்க, அடிப்பக்க ஓட்டை அடைபடும். பிராசசர் 95-ஐத் தொட்டுச்சுன்னா பவர் ஆப்ஷன்ல "மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட்"ட 100-ல இருந்து 99 ஆக்குங்க. டர்போ (பிராசசர் தற்காலிகமா கூட்டிக்கிற வேகம்) நின்னு சூடு நல்லா இறங்கும். ஜிடிஏ, சைபர்பங்க்குல எஃப்பிஎஸ் ரொம்ப விழலைன்னா அப்படியே விட்டுடலாம். வாலரண்ட்டுக்குக் கட்டாயம் திரும்ப 100 வைங்க, அதுக்கு டர்போ வேணும்.